சனிக்கோளின் ஜாஸும் டெட்ராய்ட்டின் இயந்திரமும்

தம்மைச் சனிக்கோளிலிருந்து வந்தவர் என்று அறிவித்துக்கொண்ட சன் ரா, விண்வெளிக் கற்பனையையும் கட்டற்ற வாசிப்பையும் சின்தசைசர் ஒலிகளையும் பிணைத்து வளர்த்த 'காஸ்மிக் ஜாஸ்', டெட்ராய்ட்டின் டெக்னோ இசையமைப்பாளர் கார்ல் கிரெய்கிடம் புதுவடிவம் பெற்றது. இன்னர்சோன் ஆர்கெஸ்ட்ரா என்னும் பெயரில் அவர் 1992இல் வெளியிட்ட 'பக் இன் தி பாஸ்பின்' இசைத்துண்டில், சுழன்று திரும்பும் டபுள் பாஸ் நரம்பொலியின்மீது, டெக்னோவுக்குரிய சீரான நாலடித் தாளத்துக்கு மாறாக, உடைந்து தாவும் ஜாஸ் முழவடி ஓடுகிறது.

நிமிடத்துக்கு 33 சுற்று வேகத்தில் ஒலிக்க வேண்டிய இத்தட்டைப் பிரித்தானிய டிஜேக்கள் 45 சுற்றில் ஓட்டியபோது, வேகம் ஏறத்தாழ 35 விழுக்காடு கூடிச் சுருதியும் உயர்ந்ததால், அது டிரம் அண்ட் பாஸ் என்னும் விரைவு நடனவகையைச் சேர்ந்ததுபோலவே ஒலித்தது. ஆக்கியோன் எண்ணாத இந்தப் பயன்பாடே அதன் புகழுக்குப் பெரிதும் காரணம் எனலாம்.

எனினும் நுட்பத்தில் மேம்பட்டது 1999இன் 'புரோகிராம்டு' தொகுப்பே. ஏனெனில், சன் ராவின் குழுவிலேயே முன்னர் வாசித்த பிரான்சிஸ்கோ மோரா காட்லெட்டை முழவுக்கும், கிரேக் டாபோர்னை விசைப்பலகைக்கும் அமர்த்திய கிரெய்க், பழைய ஒலித்துணுக்கை வெட்டி ஒட்டுவதோடு நில்லாமல், அம்மரபின் கைகளையே இயந்திரத்தோடு வாசிக்க வைத்தார்.