இரவல் உலகும் இயற்றிய உலகும்

கதை சொல்வோன் முன் எக்காலத்தும் இரு வழிகள் உள்ளன. பிறர் அமைத்த உலகினுட் புகுந்து தன் கதையை நடத்துவது ஒன்று. தானே ஓர் உலகைப் படைத்துக்கொள்வது மற்றொன்று. இளங்கோவடிகள் புகார், மதுரை, வஞ்சி என்னும் மூன்று நகர்களைக் கொண்டு தமக்கென ஒரு காப்பிய உலகை அமைத்தார். கம்பரோ வான்மீகியார் வகுத்த அயோத்தியில் குடிபுகுந்தார். இவ்விரண்டனுள் எது சிறந்தது என்னும் பழைய வினா, இன்று நம் பிள்ளைகளின் கணினித் திரையில் புதுக்கோலம் கொண்டுள்ளது. விளையாட்டுத்தானே என்று அதனை ஒதுக்குவதற்கில்லை.

ஆடுவோரே கதைமாந்தராகிக் கதையை நடத்திச் செல்லும் விளையாட்டுகளையே ஈண்டுக் கருதுகிறோம். இவற்றின் தாய், மேசையைச் சுற்றி அமர்ந்து பகடை உருட்டி ஆடும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் ஆக்கிய அது 1974இல் வெளிவந்தது. கனடா நாட்டு எட் கிரீன்வுட் இளமை முதல் கற்பனையில் வளர்த்த 'ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்' என்னும் உலகம், அவ்விளையாட்டிற்குரிய களமாக 1987இல் அச்சேறியது. அவ்வுலகை உரிமம் பெற்றுக் கையாண்டு, பயோவேர் நிறுவனம் 1998இல் 'பால்டர்ஸ் கேட்' என்னும் கணினி விளையாட்டை வெளியிட்டது. அதே நிறுவனம் 2009இல் தீடாஸ் என்னும் தன் சொந்த உலகைப் படைத்து, 'டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்' விளையாட்டை அளித்தது.

இரவல் உலகில் ஊர்ப்பெயரும் தெய்வங்களும் முன்னரே அறிமுகமானவை. ஆசிரியர் நேரே கதைக்குள் செல்லலாம். புதிய உலகிலோ அனைத்தையும் கற்பித்தாக வேண்டும். அந்தச் சுமையை 'ஆரிஜின்ஸ்' திறம்படத் தாங்குகிறது. ஆறு பிறப்புக் கதைகளுள் ஒன்றை ஆடுவோர் தெரிவு செய்கின்றனர். பிற கதைகளில் காட்டரசராக வரும் எல்ஃப் இனத்தார், இங்கே நகரின் ஒதுக்குப்புறத்தில் அடைபட்டு வாழ்கின்றனர். அவருள் ஒருவராகப் பிறப்பவருக்கு அவ்வுலகின் நீதியும் அநீதியும் விரிவுரையின்றியே விளங்கிவிடுகின்றன.

எனினும் இரவல் என்பதனாலேயே ஒரு படைப்புத் தாழ்ந்துவிடாது. 1999இல் வந்த 'பிளேன்ஸ்கேப்: டார்மெண்ட்' உரிமம் பெற்ற உலகில் எழுந்ததே. சாவும் நினைவும் இழந்த ஒருவன் தன் முற்செயல்களின் பயனை எதிர்கொள்ளும் அக்கதை, ஊழ்வினை அறிந்த தமிழ் நெஞ்சிற்கு அயலானதன்று.

அவ்வாறாயின் வேறுபாடு எங்கே உள்ளது? உரிமையில் உள்ளது என்பேன். உரிமம் பெற்ற உலகம் அரசுக் குடியிருப்பு போன்றது. வசதியாக வாழலாம், சுவரை இடித்துக் கட்ட இயலாது. லேரியன் நிறுவனம் 2023இல் 'பால்டர்ஸ் கேட் 3' வழியே பெரும்புகழ் எய்தியது. ஆயினும் 2024இல், அத்தொடரை விட்டுத் தன் சொந்தப் படைப்புகளுக்குத் திரும்புவதாக அறிவித்தது. புகழின் உச்சியில் வாடகை வீட்டை விட்டு நீங்கிய செயல் இது.

கம்பர் புகுந்ததோ வாடகை வீடன்று, ஊர்ப்பொது நிலம். வான்மீகத்தில் இல்லாத இரணியன் வதைப் படலத்தை அவர் அங்கே கட்டினார். அரங்கேற்றத்தில் அதற்குத் தடை எழுந்ததென்றும், மேட்டழகியசிங்கரே தலையசைத்து ஏற்றாரென்றும் திருவரங்கத்தில் வழங்குவர். தடை கூறியோர் புலவர். நிலத்திற்கு உடைமையாளர் என எவரும் வரவில்லை. நாம் வாழும் வங்கத்திலும் இதற்குச் சான்றுண்டு. 1848 முதல் 1856 வரை சென்னையில் வாழ்ந்த மைக்கேல் மதுசூதன தத்தர், 1861இல் 'மேகநாதவத காவியம்' பாடி இராவணன் மைந்தனையே காவிய நாயகனாக்கினார். அலிப்பூர்த் தேசிய நூலகத்தில் தமிழும் வங்கமும் கற்போர், ஒரே இலங்கை இருமொழியிலும் இருவேறு ஒளி பெறுவதைக் காணலாம்.

ஆகவே, இரவலா சொந்தமா என்பதைவிட, மாற்றிக் கட்டும் உரிமை உண்டா என்பதே திறனாய்வாளன் கேட்கத்தக்க வினா. புனேயைச் சேர்ந்த நாடிங் ஹெட்ஸ் நிறுவனம், 2020இல் நம் நாட்டுப் புராண மரபைக் கொண்டு 'ராஜி' என்னும் விளையாட்டை ஆக்கிற்று. அதற்கு எவரிடமும் உலகை வாடகைக்குப் பெற வேண்டியிருக்கவில்லை. அயல் மாநிலத்தில் வளரும் நம் மக்கள் பால்டர்ஸ் கேட் நகரின் தெருக்களை அறிந்திருப்பதில் குற்றமில்லை. புகாரின் மருவூர்ப்பாக்கத்தையும் பட்டினப்பாக்கத்தையும் அறியாதிருப்பதே இழப்பு. அவ்வுலகை அவர்க்கு வீட்டிலேயே கற்பிப்போமாக. நாளை அவருள் ஒருவர் விளையாட்டு இயற்றப் புகின், உரிமம் வேண்டாத அந்நிலம் அவருக்காகக் காத்திருக்கும்.