விதி ஓரிடம், தரவு ஓரிடம்

மலேசியாவில் 2015 ஏப்ரல் 1-இல் 6 விழுக்காடு பொருள், சேவை வரி வந்தது. 2018 ஜூன் 1-இல் அது சுழியமானது. செப்டம்பர் 1-இல் பழைய விற்பனை வரியும் சேவை வரியும் திரும்பின. விற்பனை வரி உற்பத்தியாளரிடமும் இறக்குமதியாளரிடமும் வசூலிக்கப்படுவது. ஆகவே கிள்ளான் தெங்கு கிளானா சாலைத் துணிக்கடையின் பில்லில் வரிக்கென்று இருந்த வரியே போயிற்று. ஆண்டு வருமானம் 15 லட்சம் வெள்ளியைத் தாண்டும் பிரிக்பீல்ட்ஸ் உணவகத்தின் பில்லிலோ சேவை வரி ஏறியது. 2024 மார்ச்சில் சேவை வரி 8 விழுக்காடானபோதும் உணவகத்துக்கு 6 என்றே நீடித்தது. மென்பொருளில் வணிக விதியையும் தரவுச் சேமிப்பையும் பிரித்து வைக்கும் மரபுக்கு இதைவிட நல்ல உரைகல் எனக்குத் தெரியவில்லை.

மூத்த பாணி, விதியைத் தரவுத்தளத்துக்குள்ளேயே குடிவைப்பது. 1992-இல் ஆரக்கிளின் ஏழாம் பதிப்பு தரவுத்தளத்திலேயே இருந்து இயங்கும் ஸ்டோர்டு புரொசீஜரைக் கொண்டுவந்தது. எந்தத் திரையிலிருந்து கேட்டாலும் கணக்கு ஒன்றுதான் என்பது இதன் பெரும்பலம். ஆனால் ஒரே ஒரு விதியைச் சோதிக்கவும் தரவுத்தளம் முழுவதையும் எழுப்ப வேண்டும்.

மார்ட்டின் ஃபவுலர் 2002-இல் வெளியிட்ட நூலில் இரண்டு பாணிகளுக்குப் பெயர் நிலைத்தது. ஆக்டிவ் ரெக்கார்டில் அட்டவணையின் ஒரு வரிசையும் அதன் விதியும் சேமிக்கும் வேலையும் ஒரே பொருளுக்குள் இருக்கும். ரெயில்ஸ், லாரவெல் ஆகிய நிரல் சட்டகங்கள் பரப்பியது இதை. டேட்டா மேப்பர் விதியையும் சேமிக்கும் வேலையையும் பிரிக்கிறது. எரிக் எவன்ஸ், அலிஸ்டர் காக்பர்ன் வழியினர் இன்னும் தள்ளிப் போய், விதியை நடுவில் வைத்துத் தரவுத்தளத்தை வாசலுக்கு வெளியே நிறுத்தினார்கள்.

ஐந்து காசு விதியைப் பாருங்கள். 2008 ஏப்ரல் முதல் ரொக்க பில்லின் மொத்தம் மட்டும் ஐந்து காசுக்குச் சரிசெய்யப்படுகிறது: 12.37 வெள்ளி 12.35 ஆகும், 12.38 வெள்ளி 12.40 ஆகும். தொகையை வாங்கித் தொகையைத் தரும் இந்தச் சிறு கணக்குக்கு அட்டவணை எதற்கு? தனியே வைத்தால் நொடியில் சோதித்துவிடலாம். சேமிக்கும் நிரலுக்குள் புதைத்தால், ஒவ்வொரு பொருளின் விலையும் தனித்தனியே சரிசெய்யப்பட்டு மொத்தம் பிசகக்கூடும்.

பிரிப்பது கோப்புறைகளைப் பிரிப்பதோடு முடிவதில்லை. 2018 மே மாத பில்லை ஜூலையில் மறுபடி அச்சிட்டால் 6 விழுக்காடுதான் வர வேண்டும். நடப்பு விகிதத்தை மட்டும் ஓர் அட்டவணையில் வைத்துத் திரைக்குத் திரை பெருக்கும் மென்பொருளில் பழைய பில்லின் வரியும் சுழியமாகிவிடும். தேதியையும் சேவையின் வகையையும் பார்த்து விகிதத்தைத் தீர்மானிப்பது விதியின் வேலை. அன்று தீர்மானித்த விகிதத்தையும் தொகையையும் மாறாமல் காப்பது தரவுத்தளத்தின் வேலை. இந்த வரம்பு புலப்படாத இடத்தில் எந்தப் பாணியும் உதவாது.

அதற்காகத் தரவுத்தளத்தை வெறும் கிடங்கென்று ஒதுக்குவதும் எனக்கு உடன்பாடில்லை. இரண்டு கல்லாக்கள் ஒரே நொடியில் ஒரே பில் எண்ணை எடுக்காதபடி தடுக்க அதுதான் நம்பகமான காவல். மூன்று திரைகளே உள்ள சிறு கடைக்கு ஆக்டிவ் ரெக்கார்ட் தாராளமாகப் போதும். அங்கே அட்டவணைக்கொரு ரெப்போசிட்டரி, அதாவது தனிச் சேமிப்பு அடுக்கு, கட்டுவது வீண் உழைப்பு.

2024 ஆகஸ்ட் 1-இல், ஆண்டு விற்பனை 10 கோடி வெள்ளியைத் தாண்டிய நிறுவனங்களிலிருந்து மின் விலைப்பட்டியல் கட்டாயமாகத் தொடங்கியது. பில் இப்போது உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளத்துக்கும் போக வேண்டும். விதியைத் தனியே வைத்திருந்தவர்கள் வரிக் கணக்கைத் தொடாமல், வெளியே போகும் வழி ஒன்றை மட்டும் கூடுதலாக எழுதினால் போதும்.