வை.மு. கோதைநாயகி: சொல்லி எழுதிய நாவல்கள்

வை.மு. கோதைநாயகி அம்மாள் (1901–1960) தமிழின் தொடக்ககாலப் பெண் நாவலாசிரியர்களில் ஒருவர். 1925 முதல் 'ஜகன்மோகினி' மாத இதழை நடத்தியவர். எழுதிய நாவல்கள் 115. இந்த எண்ணிக்கையே அவருக்குப் பகையாயிற்று. இவ்வளவு எழுதியவர் நன்றாக எழுதியிருக்க முடியாது என்று படிக்காமலே ஒதுக்கியவர்கள் உண்டு.

ஐந்தரை வயதில் திருவல்லிக்கேணி வை.மு. பார்த்தசாரதியை மணந்தார். பள்ளிக்கூடம் போனதில்லை. முதல் நூலான 'இந்திர மோகனா' என்னும் நாடகத்தை (1924) அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதினார். இதை வெறும் வாழ்க்கைக் குறிப்பாகப் படித்துவிட்டு நகரக் கூடாது. அவருடைய நடையின் குணம் முழுவதும் இதில் இருக்கிறது. பக்கம் பக்கமாக உரையாடல், ஒரே மூச்சில் நீளும் புலம்பல், நடுவே புகுந்து புத்தி சொல்லும் ஆசிரியர் குரல். மௌனமாகப் படிப்பவருக்கு இவை அலுப்புத் தரும். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், வாக்கியங்களுக்கு உயிர் வந்துவிடும். அவர் நல்ல பாடகர், மேடைப் பேச்சாளர் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

குறைகளை மறைக்க வேண்டியதில்லை. நல்லவர் முழுக்க நல்லவர், கெட்டவர் முழுக்கக் கெட்டவர். முதல் நாவல் 'வைதேகி' தொடங்கிப் பலவும் இதழில் தொடராக வந்தவை. அடுத்த மாதம் வரை வாசகரைப் பிடித்து வைக்கத் தற்செயல்களும் மர்மங்களும் தேவைப்பட்டன. விதவையின் துயரத்தையும் குடியின் கேட்டையும் துணிந்து எழுதியவர், கற்பு, தியாகம் என்ற பழைய அளவுகோலைக் கடைசிவரை கைவிடவில்லை. அவரைப் பெண்ணியவாதி என்று இன்று அழைப்பது அவசரம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் இதழாசிரியர் என்ற முறையில் அவருக்கு இணை சொல்வது கடினம். விடுதலைப் போராட்டத்தில் மறியல் செய்து சிறை சென்றபோதும் எழுத்தை விடவில்லை. 'உத்தமசீலன்' அங்கே எழுதியது. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நாவல்கள் எழுதிப் பெண்களுக்கென இதழும் நடத்திய எலைசா ஹேவுட்டைக் கவிஞர் போப் இழிவாக எழுதினார். அங்கே ஏளனம், இங்கே மௌனம்.

1956இல் ஒரே மகன் சீனிவாசன் மறைந்த பிறகு அம்மாள் உடைந்துபோனார். காசநோய் பற்றி, தாம்பரம் மருத்துவமனையில் 20.2.1960 அன்று காலமானார். அவருடைய 'தயாநிதி' 1966இல் 'சித்தி' என்ற திரைப்படமாகி வெற்றி பெற்றது.