தொலைந்த படத்தை ரசிப்பது எப்படி?

கைக்குக் கிடைக்காத ஒரு படத்தை ரசிக்க முடியுமா? முடியும். அதற்குக் கண்ணைப் பழக்க வேண்டும். பழக்குவதற்கு விழிஞ்ஞம் நல்ல இடம்.

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகிறவர்கள் பாலராமபுரத்தில் இடப்பக்கம் திரும்பினால் விழிஞ்ஞம் வந்துவிடும். அங்கே 8ஆம் நூற்றாண்டுக் குடைவரைக் கோயில் ஒன்று இருக்கிறது. ஒரே ஒரு சிறிய அறைதான். வெளிப்புறப் பாறையில் ஒரு பக்கம் வில்லேந்திய சிவன், மறுபக்கம் பார்வதியோடு ஆடும் சிவன். இரண்டுமே பாதியில் நின்றுபோனவை. அவசரப்படாமல் பாருங்கள். உளி எதுவரை வந்திருக்கிறது? எந்த இடத்திலிருந்து நம் மனம் மீதியை வரைந்துகொள்கிறது? அந்த எல்லை பிடிபட்டுவிட்டால், தொலைந்த படங்களைப் பார்க்கும் வித்தையில் பாதி கைவந்துவிட்டது.

முதலில் காது

தொலைந்ததை மீட்டெடுப்பதில் பெயர்பெற்றவர்கள் ‘டாக்டர் ஹூ’ என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்கள். 1963இல் தொடங்கிய அந்தத் தொடரின் பழைய நாடாக்கள் பலவற்றை பிபிசி அழித்துவிட்டது. 1960களின் அத்தியாயங்களில் 90க்கும் மேற்பட்டவற்றுக்குப் படம் இல்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒலி இருக்கிறது. ஒளிபரப்பானபோதே தொலைக்காட்சிப் பெட்டியருகே டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்த பிள்ளைகள் சிலர் இருந்தார்கள். ஜான் க்யூரா என்பவர் ஓடும் திரையைப் புகைப்படமாக எடுத்துவைத்திருந்தார். பின்னாளில் ரசிகர்கள் அந்த ஒலியையும் படங்களையும் பொருத்தி அத்தியாயங்களைத் திரும்பக் கட்டினார்கள்.

அத்தகைய ஒன்றைப் பார்க்கும்போது, முதல் தடவை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். ஒலி அசல், நடிகரின் மூச்சுவரை அதில் உண்டு. அடுத்த தடவை படங்களோடு பாருங்கள். ஒரு படம் நகராமல் நிற்கும் அந்த இடைவெளியில் என்ன நடந்திருக்கும் என்று யோசிப்பதில்தான் சுவை.

பிறகு, உடன்பிறப்பு

நம் பக்கத்துக் கதை இதைவிடக் கடினமானது. அகஸ்தீஸ்வரத்துக்காரரான ஜே.சி. டேனியல் சொத்தை விற்றுத் திருவனந்தபுரத்தில் ஸ்டுடியோ கட்டி, மலையாளத்தின் முதல் படமான ‘விகதகுமாரன்’ எடுத்தார். அது பேசாத படம். ஆகவே ஒலி என்ற பிடிமானமும் இல்லை. படச்சுருளும் இல்லை. கேபிடல் தியேட்டரில் திரையிட்ட நாளே 1928 நவம்பர் 7 என்பார் ஒரு சாரார், 1930 அக்டோபர் 23 என்பார் மறுசாரார்.

இங்கே உதவிக்கு வருவது ‘மார்த்தாண்ட வர்மா’. டேனியலின் உறவினர் சுந்தர்ராஜ் தயாரித்து, 1933இல் அதே கேபிடலில் வெளியான பேசாத படம். படத்துக்கு மூலமான நாவலின் உரிமை வழக்கில் சுருள் பறிமுதலானது; அதனாலேயே பிழைத்தது. 1974இல் கண்டெடுக்கப்பட்டு இப்போது புணே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. திரைவிழாக்களில் பார்க்க வாய்த்தால் கதையை மட்டும் தொடராதீர்கள். முகத்தில் விழும் வெயில், நடிகர்கள் நிற்கும் தூரம், இடையிடையே வரும் எழுத்து அட்டைகள் இவற்றை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விகதகுமாரனைக் கற்பனை செய்ய இதைவிட நெருங்கிய சாட்சி நமக்கு இல்லை.

அதன் பின் ‘செல்லுலாய்ட்’

கமல் இயக்கிய மலையாளப் படமான ‘செல்லுலாய்ட்’ (2013), விகதகுமாரனின் படப்பிடிப்பையும் முதல் காட்சியையும் திரும்ப நடத்திக் காட்டுகிறது. சேலங்ஙாட்டு கோபாலகிருஷ்ணன் எழுதிய டேனியல் வரலாறும், வினு ஆப்ரஹாமின் ‘நஷ்டநாயிகா’ நாவலும் இதற்கு ஆதாரம். ஒன்று ஆய்வு, மற்றது புனைவு. ஒவ்வொரு காட்சியிலும் கேளுங்கள்: இது பதிவில் உள்ளதா, யாரோ நினைவிலிருந்து சொன்னதா, இயக்குநர் நிரப்பியதா? கேட்கக் கேட்கப் படத்தின் மேல் மதிப்பு கூடும். நிரப்பியவரின் அக்கறையும் பொறுப்பும் அப்போதுதான் தெரியும்.

எல்லாவற்றையும்விட நிதானம் தேவைப்படுவது விகதகுமாரனின் நாயகி பி.கே. ரோஸி விஷயத்தில். தலித் பெண்ணான அவர் நாயர் பெண்ணாக நடித்ததைப் பொறுக்காதவர்கள் திரையில் கல்லெறிந்தார்கள். அவர் ஊரைவிட்டு லாரியில் தப்பி நாகர்கோவிலுக்கு வந்து, ராஜம்மாள் என்ற பெயரில் தமிழ்நாட்டிலேயே வாழ்ந்து மறைந்ததாக ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அவருடையது என்று சுற்றிவரும் புகைப்படம் உறுதிப்படாதது. ஆகவே செல்லுலாய்டில் ரோஸியாக வரும் சாந்தினியின் நடிப்பை ரசிக்கும்போது, ரோஸியின் முகம் நமக்குத் தெரியாது என்பதையும் கூடவே நினைவில் வையுங்கள். டாக்டர் ஹூ நாடாக்களை அழித்தது சிக்கனம். ரோஸியை மறைத்தது சாதி. இரண்டு இழப்புகளையும் ஒரே கண்ணால் பார்க்கக் கூடாது.

கடைசியாக, உங்கள் பங்கு

நாட்டைத் தாண்டிப் போன பிரதிகளும் திரும்புவதுண்டு. நைஜீரியாவின் ஜோஸ் நகரத்து ஒளிபரப்பு நிலையத்திலிருந்து, தொலைந்ததாகக் கருதிய 9 டாக்டர் ஹூ அத்தியாயங்கள் 2013இல் மீண்டு வந்தன. விகதகுமாரனின் கதையிலேயே ஒரு பகுதி இலங்கையில் நடக்கிறது. யார் வீட்டுப் பெட்டியில் என்ன இருக்கிறதென்று யார் கண்டது?

பரணில் பழைய சினிமா நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், தூர்தர்ஷன் நிகழ்ச்சி பதிந்த வீடியோ கேசட் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். எந்த ஊர், எந்த ஆண்டு, யார் வாங்கியது என்று ஒரு தாளில் எழுதி அதோடு வைத்துவிடுங்கள். தொலைந்த ஒன்றைத் திரும்பக் கட்டுகிறவருக்கு அந்த ஒரு தாள் போதும், ஊகம் ஓரடி குறையும்.