ஸ்டானெக்கின் கையெழுத்து

வாக்லாவ் ஹாவெல் 1978-இல் எழுதிய 'எதிர்ப்பு' எனும் ஓரங்க நாடகத்தில் தணிக்கை அதிகாரி எவரும் தோன்றுவதில்லை. ஓர் அறை, இரு எழுத்தாளர்கள், ஒரு தாள். அவ்வளவே.

1968 ஆகஸ்டில் சோவியத் படைகள் செக்கோஸ்லோவாக்கியாவில் புகுந்த பின்னர் ஹாவெலின் நாடகங்களுக்கு அவருடைய தாய்நாட்டு மேடைகளில் இடமில்லாது போயிற்று. தட்டச்சுப் படிகளாகவே அவை கைமாறின. 'எதிர்ப்பு' 1979 நவம்பரில் வியன்னாவில் அரங்கேறியபோது ஆசிரியர் சிறையிலிருந்தார். இது வெளியிலிருந்து வந்த தடையின் வரலாறு. நாடகம் பேசுவதோ வேறொரு தடையை.

ஸ்டானெக் அரசுத் தொலைக்காட்சிக்கு எழுதி வசதியாக வாழ்பவர். தடைசெய்யப்பட்ட எழுத்தாளரான வானெக்கைத் தம் இல்லத்திற்கு அழைக்கிறார். சிறையிலுள்ள பாடகன் ஒருவனுக்காக ஏதேனும் செய்யவேண்டுமாம். அவனால் தம் மகள் கருவுற்றிருக்கிறாள். வானெக்கின் பையிலோ விண்ணப்பம் ஏற்கெனவே ஆயத்தமாக, பலருடைய ஒப்பத்துடன் இருக்கிறது. 'தாங்களும் ஒப்பமிடலாமே' என்ற தயக்கமான கேள்வி எழுகிறது.

அதன்பின் ஸ்டானெக் பேசும் நீண்ட பேச்சே நாடகத்தின் உயிர். ஒப்பமிட்டால் இழந்த தன்மதிப்பு மீளும் என்றுதான் தொடங்குகிறார். பிறகு பொதுநன்மையை எண்ணிப் பார்க்கிறார். எதிர்பாராத தம் பெயர் அதிகாரிகளைச் சினமூட்டும். பேச்செல்லாம் பாடகனை விட்டுத் தம்மைச் சுற்றும். ஆகவே ஒப்பமிடாதிருப்பதே அவனுக்குச் செய்யும் உதவி! ஒவ்வொரு படியும் உறுதியாகத்தான் இருக்கிறது. இறங்கி நிற்கும் இடந்தான் கோழையின் இடம். இத்தனை செம்மையான மனச்சான்று ஆய்வை நான் வேறெந்த நாடகத்திலும் கண்டதில்லை.

வானெக் வாதிடுவதில்லை, அம்முடிவை மதிப்பதாக மட்டும் கூறுகிறார். அந்த மென்மையே ஸ்டானெக்கைக் கொதிக்கச் செய்கிறது. வானெக் சற்று மிகையாகவே தூயவர் என்பது என் குறை. ஆசிரியர் தம் நிழலுக்கு எளிய பங்கைக் கொடுத்துவிட்டார். ஆயினும் வலிமையான சொற்களையெல்லாம் எதிராளிக்கே வழங்கிய நேர்மை அக்குறையை ஈடுசெய்கிறது.

இறுதியில் தொலைபேசி ஒலிக்கிறது. பாடகன் விடுதலையாகிவிட்டான், விண்ணப்பம் தேவையற்றதாயிற்று. வெறும் மேடை உத்தி என்று இதைத் தள்ளுவோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒப்பமிடாதவர் எதையும் இழக்கவில்லை, அவர் கணக்கு பொய்த்ததாகவும் மெய்ப்பிக்கப்படவில்லை. ஸ்டானெக்கை வேடதாரியாக நடித்துக்காட்டும் நடிகர் நாடகத்தைக் கெடுத்துவிடுவார். அத்தொலைபேசி ஒலிக்கும்வரை அவையோர் அவருக்குத் தலையசைத்துக்கொண்டே இருக்கவேண்டும்.