உடலுயிர்ப்பும் திருத்தொண்டும்

இங்கிலாந்தில் 2003 முதல் 2010 வரை டர்ஹாம் அத்தியட்சராக விளங்கிய என். டி. ரைட் என்பார் 2007-இல் வெளியிட்ட ‘சர்ப்பிரைஸ்டு பை ஹோப்’ என்னும் நூல், கிறித்தவர் பலர் கொண்ட கொள்கை ஒன்றனை மறுப்பது. உயிர் உடலை நீத்து விண்ணுலகம் புகுதலே முடிந்த பேறென்பது அக்கொள்கை. உடம்பு மீள எழுதலும் உலகம் புதுக்கப்படுதலுமே விவிலியம் கூறும் நம்பிக்கை என்பர் ரைட். ஆகலின் நீதி நாட்டல், அழகு படைத்தல், நற்செய்தி அறிவித்தல் என்னும் மூன்றும் வீண்முயற்சி ஆகா. திருச்சபையின் கடமைகளேயாம் என்பது அவர் துணிபு. உயிர்த்தெழுதலை விரிக்கும் கொரிந்தியர் முதல் நிருபத்துப் 15-ஆம் அதிகாரம், தொண்டு வீணாகாதென முடிதல் அவர்க்குச் சான்று.

உலகம் பொய்த்தோற்றமன்று, உள்பொருளே என்னுஞ் சைவர்க்கு இஃது உவப்பாம். ஆயினும் ஒரு வினா எஞ்சும். உயிரைப் பிணித்தது உடம்பின் அழிவோ, ஆணவமோ? படைப்பு நன்றாதலின் கைவிடப்படாதென்பர் ரைட். சித்தாந்தமோ, மாயையின் காரியமாகிய உடம்பு விடியுங்காறும் உதவும் விளக்கென்னும். ஆணவ இருள் அருளால் நீங்கியபின் விளக்கு வேண்டற்பாலதன்று. அழியா உடம்பு எய்தினும் ஆணவம் நீங்காதேல் பயன் என்னை?

எனினும், உடம்பு நிலையாதென்று கூறித் தொண்டிற் சோம்புவார்க்கு இந்நூல் ஓர் இடித்துரை. உழவாரம் ஏந்திய அப்பரடிகள் வழிநிற்போர், விளக்கு உள்ளபோதே பணி முடித்தல் கடன்.