தொப்பையின் விலை: தாம்பரம் வட்டாரத்தில் அறுவையில்லாக் கொழுப்புக் குறைப்பு

அறுவையில்லாக் கொழுப்புக் குறைப்பு என்பது கத்தியும் மயக்க மருந்தும் இல்லாமல், தோலுக்கு அடியில் ஓரிடத்தில் திரண்ட கொழுப்பைக் கருவியாலோ ஊசியாலோ குறைக்கும் சிகிச்சை. குளிரால் கொழுப்புச் செல்களை அழிப்பது, லேசர், ரேடியோ அலை, மீயொலி அலை ஆகியவற்றால் சூடேற்றுவது, தாடைக்கு அடியில் டியாக்சிகோலிக் அமில ஊசி போடுவது ஆகியவை இதன் முக்கிய வகைகள். தாம்பரம், குரோம்பேட்டை, மேடவாக்கம், வேளச்சேரி, பழைய மகாபலிபுரம் சாலை எனத் தென்சென்னைப் புறநகரெங்கும் தோல் மருத்துவமனைகளும் உடல் மெலிவு நிலையங்களும் இவற்றை விற்கின்றன. 'ஃபேட் ஃப்ரீசிங்' (குளிரால் கொழுப்பை அழித்தல்), 'இன்ச் லாஸ்' (சுற்றளவுக் குறைப்பு), 'சிட்டிங்' (ஓர் இடத்துக்கு ஒரு முறை தரும் சிகிச்சை), 'பேக்கேஜ்' (பல சிட்டிங்குகளுக்கான மொத்தக் கட்டணம்) ஆகியவை இத்தொழிலில் புழங்கும் சொற்கள். கருவிகள் செய்வது சிறிய வேலை. விளம்பரமும் கட்டணமும் பெரிய வேலைக்கு உரியவை. இந்த இடைவெளியை அளந்தால்தான் சிகிச்சையின் நிறைகுறை விளங்கும்.

கருவி செய்யும் வேலை

இவ்வகைகளில் விரிவாக ஆராயப்பட்டவற்றுள் ஒன்று குளிர் முறை. ஐஸ் குச்சி சப்பிய குழந்தையின் கன்னக் கொழுப்பு சிதைந்ததை மருத்துவர்கள் 1970இல் பதிவு செய்தனர். மேல்தோல் தாங்கும் குளிரைக் கொழுப்புத் தாங்காது என்ற அந்த உண்மையை, ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் டீட்டர் மான்ஸ்டைனும் ராக்ஸ் ஆண்டர்சனும் பின்னாளில் சிகிச்சையாக வளர்த்தனர். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2010இல் இடுப்பின் பக்கவாட்டுக்கும் 2012இல் வயிற்றுக்கும் இம்முறையை அனுமதித்தது.

கருவியின் கைப்பிடி தோலையும் அதன் கீழ்க் கொழுப்பையும் உறிஞ்சிப் பிடித்து, ஏறத்தாழ ஒரு மணி நேரம் வரை குளிரூட்டுகிறது. அழிந்த செல்களை உடல் மெல்ல அகற்றுகிறது. முழுப் பலன் தெரிய இரண்டு, மூன்று மாதம் ஆகும். சிகிச்சை பெற்ற இடத்தின் கொழுப்புப் படலம் ஐந்தில் ஒன்று முதல் நான்கில் ஒரு பங்கு வரை மெலிவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. உடல் எடை பெரிதாக மாறுவதில்லை. தழும்பு இல்லை, மருத்துவமனையில் தங்க வேண்டியதில்லை, அன்றே வேலைக்குத் திரும்பலாம். எடை ஏறக்குறைய சரியாக இருந்தும் இடுப்பிலோ அடிவயிற்றிலோ ஒரு மடிப்பு மட்டும் கரையாதவருக்கு இது உண்மையான நன்மை.

யாருக்கு ஒத்துவராது

2019-21ஆம் ஆண்டுத் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் அதிக எடையோ உடற்பருமனோ கொண்டவர்கள். சென்னை நீரிழிவு ஆய்வு அறக்கட்டளை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளிவந்தன; அதில் வயிற்றுப் பருமன் 39.5 விழுக்காட்டினரிடம் காணப்பட்டது. இந்தியருக்கு இடுப்புச் சுற்றளவின் வரம்பு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர்.

இந்தத் தொப்பையில் பெரும்பங்கு, வயிற்றறைக்குள் குடலையும் கல்லீரலையும் சூழ்ந்த கொழுப்பாக இருக்கக்கூடும். நீரிழிவுக்கும் இதய நோய்க்கும் வழிவகுப்பது அதுவே. விரல்களால் கிள்ளிப் பிடிக்க முடியாத, பானை போல் விறைத்த வயிற்றில் கருவியின் கைப்பிடி பற்றவே பற்றாது. பற்றினாலும் உள்ளிருக்கும் கொழுப்பை அது தொடுவதில்லை. நாள் முழுதும் உட்கார்ந்து வேலை பார்த்து, சர்க்கரையும் ஏறி, வயிறு முன்தள்ளிய நாற்பது வயதுக்காரருக்கு இதை விற்பது, அவருடைய நோய்க்கு மருந்தில்லாத இடத்தில் பணம் வாங்குவதாகும்.

விலை வேறுபடும் விதம்

சென்னையில் குளிர் முறைக்கு ஒரு சிட்டிங் ஏறத்தாழ 5,000 ரூபாயில் தொடங்கி 30,000 ரூபாயையும் தாண்டுகிறது. இந்த அகலத்துக்குக் காரணங்கள் உண்டு. முதலாவது கருவி. 'கூல்ஸ்கல்ப்டிங்' போன்ற வணிகப்பெயர் கொண்ட கருவியில் ஒவ்வொரு சுற்றுக்கும் தயாரிப்பாளருக்குத் தனிக் கட்டணம் போகிறது. பெயர் தெரியாத இறக்குமதிக் கருவியில் அந்தச் செலவு இல்லை. இரண்டாவது ஆள். தோல் மருத்துவர் பரிசோதித்துச் செய்வதற்கும் சில வாரப் பயிற்சி பெற்ற பணியாளர் செய்வதற்கும் கூலி வேறு. மூன்றாவது இடம். அடையாறு, நுங்கம்பாக்கம் வாடகையோடு ஒப்பிட்டால் சேலையூர், இராஜகீழ்ப்பாக்கம் வாடகை குறைவு. வாடகையால் குறைந்த விலை வரவேற்கத்தக்கது. கருவியிலும் ஆளிலும் மிச்சம் பிடித்துக் குறைத்த விலை ஆபத்தானது. விலைப்பட்டியலில் இரண்டும் ஒன்று போலவே தெரியும்.

'ஒரு சிட்டிங் இவ்வளவு' என்ற கணக்கும் முழுச் செலவைக் காட்டாது. ஒரு சிட்டிங் 8,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மேல்வயிறு, அடிவயிறு, இடுப்பின் இரு பக்கம் என நான்கு இடங்களுக்கு 32,000 ரூபாய். இரண்டு சுற்று செய்தால் 64,000 ரூபாய். மருத்துவச் சேவைக்கு உள்ள ஜி.எஸ்.டி. விலக்கு அழகுச் சிகிச்சைக்குக் கிடையாது என்பதால் வரி தனியாகச் சேரலாம். ஒப்பிட வேண்டியது இந்த மொத்தத் தொகையை. அதற்கு ஈடாகக் கிடைப்பது சில சென்டிமீட்டர்.

காப்பீடும் கடனும்

மருத்துவக் காப்பீடு இங்கே கைகொடுக்காது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொதுவான விலக்குப் பட்டியலில் அழகுச் சிகிச்சையும் உடல் எடைக் கட்டுப்பாடும் இருக்கின்றன. உடல் நிறை குறியீட்டெண் 40 அல்லது அதற்கு மேல் உள்ளவருக்கும், 35 இருந்து கடுமையான துணைநோயும் உள்ளவருக்கும் மருத்துவர் பரிந்துரைக்கும் பருமன் அறுவைக்கு மட்டுமே அதில் வழியுண்டு. ஆகவே முழுச் செலவும் கைக்காசு. கையில் இல்லாதபோது இ.எம்.ஐ. எனும் மாதத் தவணைக் கடன்.

தவணை என்பது தன்னளவில் தவறன்று. சம்பளக்காரக் குடும்பம் ஒரு செலவைப் பரப்பிக்கொள்ள அது உதவும். ஆனால் 'வட்டியில்லாத் தவணை' என்று எதுவும் இல்லை என்பதை ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு எழுதிய சுற்றறிக்கையில் சுட்டிக்காட்டியது. வட்டி வேறு கட்டணத்தின் பெயரில் ஒளிந்து நிற்கிறது. ரொக்கமாகக் கொடுத்தால் கிடைத்திருக்கும் தள்ளுபடி தவணையில் மறைந்துபோவதும் வட்டியே.

பெரிய குறை வேறொன்று. 64,000 ரூபாயைப் பன்னிரண்டு மாதத் தவணையாக்கினால் மாதம் சுமார் 5,333 ரூபாய். கடன் கொடுத்த நிறுவனம் முழுத் தொகையையும் முதல் நாளே நிலையத்துக்கு அனுப்பிவிடுகிறது. இரண்டு சுற்று முடிந்து பலன் உண்டா இல்லையா என்று தெரிய ஐந்து மாதம் ஆகலாம். பலன் இல்லையென்றாலும், நிலையம் பூட்டப்பட்டாலும், தவணை ஓடிக்கொண்டே இருக்கும். நிறுத்தினால் கடன் மதிப்பெண் சரியும். சேவை தருபவரிடம் பணமும் வாடிக்கையாளரிடம் இடரும் தங்கிவிடும் ஏற்பாடு இது. முன்பணப் பேக்கேஜும் இதே வார்ப்புதான்.

விளம்பரமும் சட்டமும்

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025இல், அழகுச் சிகிச்சை நிலையங்களை நடத்தும் வி.எல்.சி.சி. நிறுவனத்துக்கு 3 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. அதற்கு முன் காயா நிறுவனத்துக்கும் இதே தொகை விதிக்கப்பட்டது. ஒரே சிட்டிங்கில் 600 கிராம் வரை எடையும் 7 சென்டிமீட்டர் வரை சுற்றளவும் குறையும் என்ற வகை விளம்பரங்களே வி.எல்.சி.சி. வழக்கின் காரணம். அவ்விளம்பரங்களில் வந்த கூல்ஸ்கல்ப்டிங் கருவிக்கு அமெரிக்காவில் தரப்பட்ட இசைவு ஆங்காங்கே திரண்ட கொழுப்புக்கும், குறியீட்டெண் 30 வரை உள்ளவருக்கும் மட்டுமே. அது எடைக் குறைப்புக்கு அன்று என்பதை ஆணையம் எடுத்துக்காட்டியது. இசைவுக்கு ஆதாரமான ஆய்வில் 57 பேரே இருந்தனர், அவர்களில் ஆசியர் ஒருவரும் இல்லை என்பதையும் அது குறிப்பிட்டது. பெருநிறுவனத்தின் விளம்பரமே இப்படியென்றால், புறநகர்த் தெருமுனைப் பலகையின் சொல்லை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும்.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ரசீது தர மறுப்பதையும், குறைபாடுள்ள சேவைக்குரிய பணத்தைப் பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திருப்பித் தர மறுப்பதையும் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணமில்லை; இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்ய வேண்டும். 1915 என்ற உதவி எண்ணும் உண்டு. எழுத்தில் இருப்பதே அங்கே எளிதில் செல்லும். வாய்ச்சொல்லாகச் சொன்ன அங்குலக் கணக்கை நிறுவுவது கடினம்.

பாதுகாப்பு

பெரும்பாலோருக்குச் சிவத்தல், மரத்துப்போதல், சில நாள் வலியோடு முடிந்துவிடும். அரிதாக, குளிரூட்டிய இடத்தில் கொழுப்பு குறையாமல் கட்டியாகப் பெருகுகிறது. 2014இல் மருத்துவ இதழில் முதலில் பதிவான இவ்விளைவைத் தாம் அடைந்ததாக மாடல் அழகி லிண்டா எவான்ஜெலிஸ்டா 2021இல் வெளிப்படையாக அறிவித்தார். இதைச் சரிசெய்யப் பெரும்பாலும் அறுவையே வேண்டும். அந்தச் செலவு பொதுவாகப் பேக்கேஜில் சேராது.

2024 ஏப்ரலில், தாம்பரம் மாநகராட்சிக்கு உட்பட்ட பம்மலில், தனியார் மருத்துவமனையொன்றில் எடைக் குறைப்பு அறுவையின்போது உடல்நிலை மோசமான புதுச்சேரி இளைஞர் ஒருவர் பின்னர் இறந்தார். அம்மருத்துவமனையின் உரிமம் தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டது. இத்தகைய நிகழ்வு தரும் அச்சம் அறுவையில்லா முறையை நோக்கி மக்களைத் திருப்புவது இயல்பு. ஆனால் இரண்டும் ஒரே நோய்க்கான மாற்று வழிகள் அல்ல. கடுமையான உடற்பருமனுக்குக் குளிர்க் கருவி விடையாகாது. சிறு மடிப்புக்கு அறுவை தேவையில்லை.

மதிப்பீடு

ஆகவே, கிள்ளினால் கையில் வரும் மடிப்பு ஓரிரு இடத்தில் மட்டும் இருந்து, எடையும் சர்க்கரையும் கட்டுக்குள் உள்ளவருக்கு, கடன் வாங்காமல் கொடுக்கக்கூடிய தொகையாக இருந்தால், இச்சிகிச்சை அதன் விலைக்குத் தகும். மருத்துவரின் பதிவெண், கருவியின் பெயர், இடங்களின் எண்ணிக்கை, வரி உட்பட மொத்தத் தொகை, பணம் திரும்பும் விதி ஆகிய ஐந்தையும் எழுத்தில் பெற்று, ஓர் இடத்துக்கு மட்டும் பணம் கட்டி, மூன்று மாதம் கழித்து அளந்து, பிறகு அடுத்ததற்குக் கட்டுவதே முறை. அப்படிப் பணம் வாங்க மறுக்கும் நிலையம், தன் கருவியின் பலனைத் தானே நம்பவில்லை என்று கொள்ளலாம். வயிற்றறைக் கொழுப்பு உள்ளவர் அதே பணத்தில் இரத்தப் பரிசோதனையும் உணவு ஆலோசனையும் உடற்பயிற்சியும் பெறலாம்; அவருக்கு இடுப்புச் சுற்றளவோடு நோயும் குறையும்.